62-ஆம் பக்கத்தில் நிற்கும் நாவல்

கேள்வி: எனக்கு வயது 41. ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள். மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். கல்லூரி நாட்களில் ஒரு நாவலைக் கையில் எடுத்தால் விடியும்வரை வைக்க மாட்டேன். இப்போது ஒரு பெரிய நாவல் ஏழு மாதமாகத் தலைமாட்டில் கிடக்கிறது. 62-ஆம் பக்கத்தைத் தாண்டவில்லை. இரவில் எடுத்தால் இரண்டு பக்கத்துக்குள் கண் செருகுகிறது. ஆனால் கைபேசியில் அரைமணி நேரம் போவதே தெரிவதில்லை. "அதற்கு மட்டும் நேரம் இருக்கிறதா?" என்று கணவர் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வேக வாசிப்புப் பயிற்சியில் சேரலாமா? கைபேசியில் வாசிப்பதும் வாசிப்பில் சேருமா? எடுத்த புத்தகத்தை முடிக்காமல் விடுவது தவறில்லையா? 12 வயது மகளுக்கும் புத்தகத்தின் மேல் நாட்டமே இல்லை. அது என்னால்தானோ என்று மனம் உறுத்துகிறது.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

நூலகரின் பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவரின் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். கடிதத்தில் உங்களை அதிகம் குத்துவது அதுதான் என்று தோன்றுகிறது.

கைபேசிக்குக் கிடைக்கும் அரைமணி நேரமும் நாவலுக்கு வேண்டிய அரைமணி நேரமும் ஒன்றல்ல. கைபேசியில் எங்கே நுழைந்தாலும் நுழையலாம், எங்கே விட்டாலும் விடலாம். நேற்று என்ன பார்த்தோம் என்று அது கேட்பதில்லை. நாவல் கேட்கும். இவர் யாருடைய அண்ணன், அந்தக் கடிதத்தை எழுதியது யார், போன முறை எந்த வீட்டில் நின்றோம் என்று எல்லாவற்றையும் நினைவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கதை உள்ளே விடும். நாள் முழுவதும் எண்களோடு மல்லுக்கட்டிவிட்டு, வீட்டு வேலையையும் முடித்துப் படுக்கையில் சாய்ந்த மூளை அந்த உழைப்பைத் தவிர்க்கத்தான் பார்க்கும். அதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமே இல்லை.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது கவனம் முழுவதும் கூடவே வந்துவிடுவதில்லை. முடியாமல் நிற்கும் முந்தைய வேலையில் அதன் ஒரு பகுதி தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009-இல் விளக்கினார். கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மாலையில் ஒரு பதிவு நேராகாமல் எழுந்து வந்திருந்தால், இரவு பத்து மணிக்கு நாவலின் வரிகளுக்கு நடுவே அந்தத் தொகைதான் நின்றுகொண்டிருக்கும். கண் வரியின் மேல் ஓடும். பக்கத்தின் அடியில் வந்து பார்த்தால் ஒன்றும் மனதில் பதிந்திருக்காது. திரும்ப மேலே போவோம். இரண்டாவது முறையும் அப்படியே ஆனால் புத்தகம் மூடப்பட்டுவிடும்.

ஆகவே நேரம் போதவில்லை என்பது பாதிக் காரணம்தான். விட்ட புத்தகத்துக்குள் மறுபடி நுழைவது கடினமாகிவிட்டது என்பது மீதிப் பாதி. நேரத்தைப் பற்றி எல்லோரும் யோசனை சொல்கிறார்கள். இந்த இரண்டாவது பாதியைப் பற்றிப் பேச ஆளில்லை, அதனால் நான் இங்கே கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன்.

நூலகத்துக்குத் திரும்பி வரும் புத்தகங்களைச் சரிபார்க்கும்போது உள்ளே அடையாளத்துக்கு வைத்த துண்டுகள் கிடைக்கும். பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, பிள்ளைகளின் நோட்டிலிருந்து கிழித்த காகிதம் என்று எதுவாகவும் இருக்கும். தடித்த நாவல்களில் அந்தத் துண்டு பெரும்பாலும் முதல் கால்பங்குக்குள்தான் மாட்டியிருக்கும். கடைசி ஐம்பது பக்கத்தில் யாரும் புத்தகத்தைக் கைவிட்டதாக நான் பார்ப்பது அரிது. நாவலின் தொடக்கம்தான் வாசகரிடம் அதிகம் கேட்கிறது: பெயர்கள், உறவுகள், ஊர், காலம், எழுத்தாளரின் நடை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. அந்தப் பகுதியை நாளுக்கு இரண்டு பக்கம் என்று வாசித்தால், நேற்று அறிமுகமானவர் இன்று மறந்துபோவார். ஏழு மாதம் 62-ஆம் பக்கத்தில் நின்றது உங்கள் குறையே அல்ல. அந்தப் பக்கங்களைத் துண்டு துண்டாக வாசிக்கவே கூடாது.

ஆகவே நான் சொல்வது இதுதான். எந்த நாவலாக இருந்தாலும் முதல் நாற்பது ஐம்பது பக்கத்தை ஒரே அமர்வில் வாசியுங்கள். விடுமுறை நாளில் ஒன்றரை மணி நேரம் அதற்குப் போதும். மாதத்துக்கு ஒரு முறை அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பிடித்துவிட்டால், மீதி நாட்களில் பத்து நிமிடம், கால்மணி என்று கிடைப்பதெல்லாம் பயனாகும். கதைக்குள் போய்விட்ட பிறகு சிறு துண்டு நேரம் போதும். போவதற்கு முன் போதாது. பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். புதுப் புத்தகத்தைக் களைத்த இரவில் தொடங்கிவிட்டு, விடுமுறை நாளில் வேறு வேலை பார்க்கிறார்கள்.

நிறுத்தும் இடத்தையும் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். அத்தியாயம் முடிந்ததும் மூடிவைப்பது நமக்குப் பழக்கம். துண்டு நேரத்தில் வாசிப்பவர் அதை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் கதவைத் தட்டுகிறார், உள்ளே இருப்பவர் எழுந்திருக்கிறார் என்னும் இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் கதவு திறப்பதைப் பார்க்கவே கை புத்தகத்தைத் தேடும். புதிய அத்தியாயத்தின் முதல் வரியிலோ நீங்கள் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கும். எடுத்தவுடன் விட்ட இடத்துக்கு முந்தைய அரைப் பக்கத்தை மறுபடி வாசியுங்கள். அந்த ஒரு நிமிடம் வீணில்லை. பாத்திரங்கள் நிறைய இருந்தால் அடையாளச் சீட்டிலேயே யார் யாருக்கு என்ன உறவு என்று பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள். நூலகப் புத்தகமாக இருந்தால் தயவுசெய்து சீட்டில் மட்டும்.

அப்படியானால் தலைமாட்டில் இருக்கும் அந்தப் பெரிய நாவலை என்ன செய்வது? அலமாரிக்கு அனுப்பிவிடுங்கள். தினமும் படுக்கும்போது கண்ணில் படும் முடிக்காத புத்தகம் உங்களைக் குற்றம் சாட்டிக்கொண்டே இருக்கிறது, அடுத்த புத்தகத்தை எடுக்கவும் விடுவதில்லை. முடிக்காமல் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக விடலாம். 1992-இல் தானியேல் பெனாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் வாசகரின் உரிமைகள் என்று ஒரு பட்டியல் தந்தார். பக்கங்களைத் தாண்டிப் போகும் உரிமையும் புத்தகத்தை முடிக்காமல் விடும் உரிமையும் அதில் உண்டு. எங்கள் தொழிலில் அதற்கும் மூத்த ஆதாரம் இருக்கிறது. எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. நூலகத்தில் புத்தகம் விரைவில் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லப்பட்ட விதி அது. ஒட்டாத புத்தகத்தோடு ஏழு மாதம் போராடும் வாசகருக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து. அந்த நாவல் உங்களுக்கு உரிய காலம் பின்னால் வரலாம். வராமலும் போகலாம். இரண்டிலும் நட்டமில்லை.

அடுத்து எதை எடுப்பது? நேரமில்லாதவர்கள் சிறுகதை வாசிக்கட்டும் என்று வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சிறுகதை மேல் எனக்கிருக்கும் மதிப்புக்கு அளவில்லை. ஆனால் பன்னிரண்டு கதைகள் கொண்ட தொகுப்பில் பன்னிரண்டு முறை புதிய உலகத்துக்குள் நுழைய வேண்டும். களைத்த மனதுக்கு நுழைவதுதான் கடினம் என்று பார்த்தோம். 120 அல்லது 150 பக்கமுள்ள குறுநாவல் உங்கள் நிலைமைக்கு மிகவும் ஏற்றது. ஒரு முறை நுழைந்தால் போதும், முடிவும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருக்கும். முன்பு விரும்பி வாசித்த புத்தகத்தை மறுவாசிப்பு செய்வது இன்னும் எளிது. அங்கே எல்லோரையும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மறுவாசிப்பைத் தயவுசெய்து குறைவாக எண்ணாதீர்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு வாசிப்புக்குத் திரும்பும் பலருக்கு அதுவே சிறந்த வழியாக இருப்பதைப் பார்க்கிறேன்.

வேக வாசிப்புப் பயிற்சி வேண்டாம். கீத் ரேனர் என்ற உளவியல் அறிஞரும் உடன் ஆய்வாளர்களும் பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்ட கட்டுரையின் முடிவு தெளிவானது: வேகத்தை மிகவும் கூட்டினால் புரிதல் குறையும். கண்ணை வேகமாக நகர்த்தப் பழகினால் தீர்ந்துவிடும் விஷயமில்லை இது. சொல்லை அடையாளம் கண்டு வாக்கியத்தைப் புரிந்துகொள்ள மூளைக்குத் தேவைப்படும் நேரம்தான் வாசிப்பின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. அலுவலக அறிக்கையை மேலோட்டமாகப் பார்க்க அந்தப் பயிற்சி உதவினாலும் உதவலாம். நாவலில் அவசரப்பட்டு என்ன கிடைக்கப்போகிறது? விக்டர் நெல் என்ற உளவியலாளர், இன்பத்துக்காக வாசிப்பவர்களை ஆராய்ந்து 1988-இல் எழுதினார்: அவர்கள் தங்களுக்கு மிகவும் பிடித்த பக்கங்களில் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். நீங்கள் தேடுவது அந்த மெதுவான பக்கங்களைத்தானே.

கைபேசியில் வாசிப்பதும் வாசிப்புதான். தாளில் வாசித்தால் புரிதல் கூடுதலா என்று 1,70,000-க்கும் மேற்பட்டவர்கள் பங்கேற்ற 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2018-இல் ஓர் அலசல் வெளியானது. தகவல் தரும் உரைகளில், குறிப்பாக நேர நெருக்கடியில் வாசிக்கும்போது, தாளுக்குத்தான் கை மேலோங்கியிருந்தது. கதைகளை மட்டும் பயன்படுத்திய ஆய்வுகளில் அந்த வேறுபாடு தென்படவில்லை. எனவே மின்னூலாக நாவல் வாசிக்க யோசிக்க வேண்டாம். கதையின் நடுவே மேலிருந்து இறங்கி வரும் அறிவிப்புகள்தான் தொல்லை. வாசிக்கத் தொடங்கும் முன் இணையத்தைத் துண்டித்துவிடுங்கள். அவசர அழைப்பு வந்தால் மணி அடிக்கத்தான் செய்யும். பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் ஒலிநூல் கேட்கலாம். ஏற்கெனவே வாசித்த கதையாக இருந்தால் நடுவில் யாராவது கூப்பிட்டுக் கவனம் சிதறினாலும் இழை அறுந்துபோகாது.

இனி நேரத்துக்கு வருகிறேன். ஒரு பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 150 பக்கக் குறுநாவலுக்கு ஐந்து மணி நேரம். முதல் அமர்வில் ஒன்றரை மணி நேரம் போனால் மீதி மூன்றரை மணி நேரம். கால்மணி நேரமாக எடுத்தால் பதினான்கு நாள். உங்கள் நாளில் அந்தக் கால்மணி எங்கே இருக்கும் என்பதை நீங்கள்தான் சொல்ல முடியும். மதிய உணவு இடைவேளையின் கடைசிப் பகுதியாக இருக்கலாம், பிள்ளைகளை அழைத்துவர வெளியே காத்திருக்கும் நேரமாக இருக்கலாம், எல்லோரும் எழும் முன்பான காலைப் பொழுதாக இருக்கலாம். படுக்கைநேரமாக மட்டும் இருக்க வேண்டாம். அன்றைய நாளின் மிச்சத்தை நாவலுக்குக் கொடுக்கிறீர்கள், அதனால்தான் அது தூங்க வைக்கிறது. இரவில் தலைமாட்டில் ஏதாவது வேண்டும் என்றால் ஒரு கவிதைத் தொகுப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கவிதையோடு தூங்கிப்போனாலும் முழுமையாக ஒன்றை வாசித்திருப்பீர்கள். நாவல் இருக்க வேண்டிய இடம் கைப்பை. காத்திருக்கும் நேரத்தில் கை எதன் மேல் முதலில் படுகிறதோ அதுதான் வாசிக்கப்படுகிறது.

தினமும் செய்ய வேண்டும் என்று சபதம் எடுக்காதீர்கள். ஒரு செயல் பழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்று பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். நடுமதிப்பு 66 நாள்; ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. உங்களுக்குப் பயன்படும் செய்தி அதிலேயே இன்னொன்று இருக்கிறது: நடுவில் ஒரு வாய்ப்பைத் தவறவிட்டதால் பழக்கம் உருவாவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. உங்கள் தொழிலில் மாதக் கடைசியும் ஆண்டுக் கணக்கு முடிப்பும் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நாட்களுக்கு வாசிப்பிலிருந்து முன்கூட்டியே விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்த மறுநாள் அரைப் பக்கம் பின்னால் போய்த் தொடங்குங்கள், போதும்.

அந்த மாதாந்திர ஒன்றரை மணி நேரத்தை வீட்டில் வாய்விட்டுக் கேட்டுப் பெற வேண்டியிருக்கும். இதில் தயங்காதீர்கள். துணி துவைப்பவரையோ கணினி முன் இருப்பவரையோ கூப்பிடும் முன் வீட்டில் ஒரு நொடி யோசிப்பார்கள். வாசிப்பவரைக் கூப்பிட யாரும் யோசிப்பதில்லை, குறிப்பாக அவர் அம்மாவாக இருந்தால். புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு வேலை எதுவும் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். பென்சில் எங்கே, சாவி எங்கே என்று ஒவ்வொரு கேள்வியும் சிறியதுதான். ஆனால் ஒவ்வொன்றுக்குப் பிறகும் நீங்கள் கதைக்குள் மறுபடி நுழைய வேண்டும். அதனால் கணவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: "ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி முதல் நான்கரை வரை நான் வாசிக்கப்போகிறேன். அம்மாவையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்." கைபேசி பற்றிய அவருடைய கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான பதில் இல்லை. அவரும் நீங்கள் வாசிப்பதைத்தான் விரும்புகிறார் என்றால் அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பொறுப்பேற்க அவருக்குத் தடையிருக்காது.

மாமியாரைப் பற்றி ஒரு யோசனை; உங்கள் இருவருக்கும் பிடித்தால் மட்டும். படுக்கையில் இருப்பவருக்குப் பகல் மிக நீளமானது. மாலையில் பத்து நிமிடம் நீங்கள் வாசிக்கும் நாவலையே அவருக்கு உரக்க வாசித்துக் காட்டலாம். பணிவிடைகளில் இன்னொன்று கூடிவிட்டதாக உங்களுக்குத் தோன்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். ஆனால் உரக்க வாசிக்கும்போது மனம் வேறு பக்கம் ஓடுவது குறையும், மறுநாள் காலையில் "அந்தப் பெண் என்ன ஆனாள்?" என்று கேட்க ஓர் ஆள் இருப்பதும் நல்லதுதான். சில காலகட்டங்களில் உண்மையிலேயே நேரம் இருக்காது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அவருடைய உடல்நிலை மோசமாகும் நாட்களில் எந்த யோசனையும் பலிக்காது. அப்போது வாசிக்கவில்லையே என்ற குறையையும் சேர்த்துச் சுமக்காதீர்கள்.

கடைசியாக உங்கள் மகள். நீங்கள் வாசிக்காததால்தான் அவளும் வாசிக்கவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். வாசிக்கும் பெற்றோரின் பிள்ளைகளிலும் புத்தகத்தைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் அக்கா வாசிப்பாள், தம்பி வாசிக்க மாட்டான். ஒன்று மட்டும் கவனியுங்கள். நீங்கள் கைபேசியில் நாவல் வாசித்தாலும் அவள் கண்ணுக்கு அது கைபேசிதான். அவள் பக்கத்தில் இருக்கும் நேரத்தில் தாளில் வாசியுங்கள். உங்கள் கதையில் பாதியில் நிற்கும் சிக்கலை அவளிடம் சொல்லி, அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறாய் என்று கேளுங்கள். கதை சொல்லும் நீதியை எடுத்துச் சொல்லாதீர்கள்; 12 வயதில் அதைவிட வேகமாகப் புத்தகத்தை வெறுக்கவைப்பது எதுவுமில்லை. அவள் படக்கதைகளை மட்டும் எடுத்தால் அதையே எடுக்கட்டும். நான்கு புத்தகத்தை இரவல் வாங்கி மூன்றைத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தாலும் பரவாயில்லை, நூலகம் அதற்குத்தான் இருக்கிறது. பாதியில் ஒன்றை மூடிவைத்தால் "ஏன் முடிக்கவில்லை?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்தில் சலித்தது?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலோடு அவளையும் நூலகத்துக்கு அழைத்துப் போங்கள். எது பிடிக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த புத்தகத்தைத் தேடிக் கொடுப்பது எங்களுக்கு மிகவும் எளிது.